கடைசி விலை

ஜெலுத்தோங் சாலையில் இரும்புக்கடை.
பதினாறு வருஷமாய் விலை எழுதுவது என் வேலை.
இரண்டங்குல ஆணி கிலோ எவ்வளவு என்றால்
தலை நிமிராமல் சொல்வேன்.
கூரைத் தகடு, கம்பிவலை, குழாய் முழங்கை
எதுவானாலும் கேட்டவர் டீ குடித்து முடிப்பதற்குள்
தாளில் எழுதி முத்திரை குத்திவிடுவேன்:
'இந்த விலை பதினான்கு நாள் செல்லும்.'
அதற்குள் இரும்பு விலை ஏறினால்
நட்டம் தவுக்கே ஊய்க்கு.
பல்லைக் கடித்துக்கொண்டு கொடுப்பார்.
ஆனால் கொடுப்பார்.

நாகேந்திரனுக்குப் பித்தப்பையில் கல்.
அரசாங்க ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு
நாலு மாதம் தள்ளித் தேதி கொடுத்தார்கள்.
கல்லுக்குத் தேதி புரியவில்லை.
மூன்றாம் இரவே
விலாவுக்குக் கீழே முஷ்டியை அமுக்கிக்கொண்டு
குளியலறைத் தரையில் கிடந்தார்.

தனியார் மருத்துவமனையில்
மீன்தொட்டிக்குப் பக்கத்து முகப்பில்
எவ்வளவு ஆகும் என்றேன்.
ஹஸ்லினா என்று பெயர்ப்பட்டை. நல்ல பெண்.
"ஒன்பதாயிரத்திலிருந்து இருபத்தோராயிரம் வரை."
ஒன்பதுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவே
ஒரு பழைய கார் நிற்கும்.
என் மகளின் இரண்டு வருடப் படிப்பு
அதன் பின்சீட்டில் உட்காரும்.
நான் அப்படி ஒரு தாள் எழுதியிருந்தால்
குத்தகைக்காரர்கள் அதில் வறுத்த கடலை மடித்திருப்பார்கள்.

முன்பணம் மூவாயிரம்.
காப்புறுதி என்ற சொல்லுக்குள்
காப்பு இருப்பதை
அடகுக்கடைக் கண்ணாடிக்கு முன்னால்தான் கவனித்தேன்.
கழற்றிய மணிக்கட்டில்
வெள்ளையாய் ஒரு வளையம்.

அந்தக் காப்புறுதிக்கு
மாதம் நூற்று அறுபது வெள்ளி கட்டிக்கொண்டிருந்தோம்.
இந்த வருஷம் இருநூற்று நாற்பது.
மருத்துவப் பணவீக்கம் என்று கடிதம் வந்தது.
இவர் வயிற்றில் இருந்ததையும்
டாக்டர் வீக்கம் என்றுதான் சொன்னார்.
அதற்காவது மருந்து இருந்தது.

பக்கத்துக் கட்டிலில் மேடானிலிருந்து வந்தவர்.
முழங்கால் மாற்ற ஒரே விலை பேசி வந்திருந்தார்,
விமான நிலையத்துக்குக் காரும் சேர்த்து.
அவர் மனைவி ஆரஞ்சு உரித்து
எனக்கும் இரண்டு சுளை தந்தாள்.
பொறாமையோடு தின்றேன்.
இனிப்பாகத்தான் இருந்தது.

காலை பத்துக்கு
"நீங்கள் வீட்டுக்குப் போகலாம்" என்றார்கள்.
சட்டை மாற்றி, செருப்புப் போட்டு,
பையை மடியில் வைத்து
கட்டில் விளிம்பில் உட்கார்ந்தோம்.
உத்தரவாதக் கடிதம் வரவில்லை.
மதியச் சாப்பாடு வந்தது, அதற்குத் தனிக் கணக்கு.
ஜன்னலில் பாலம் தெரிந்தது.
பாலத்தில் விளக்கு எரியத் தொடங்கியது.
குணமாகிவிட்ட மனிதர்
பிணை கிடைக்காதவர்போலச் சுவரைப் பார்த்திருந்தார்.

ஏழே காலுக்கு வந்தது.
பதினெட்டாயிரத்துச் சொச்சத்தில்
நாலாயிரத்து முன்னூற்றுப் பதினெட்டு வெள்ளி அறுபது சென்
அவர்கள் பொறுப்பில்லையாம்.
பட்டியலை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தேன்.
கையுறை. மறுபடியும் கையுறை.
பிளாஸ்டிக் கூஜா ஒன்று, முப்பத்தெட்டு வெள்ளி.
எங்கள் கடையில் நாலு எண்பது,
மூடியோடு.
"அப்போ இது நம்முடையது" என்று
இவர் அதைத் தூக்கி அக்குளில் இடுக்கிக்கொண்டார்.
தையல் இழுத்ததால் பாதிச் சிரிப்போடு நிறுத்தினார்.

கூஜா இப்போது சமையலறையில்.
கற்களைச் சிறு புட்டியில் போட்டுக் கொடுத்திருந்தார்கள்,
மூன்று, பழுத்த மிளகு நிறத்தில்.
மறுநாள் கடைக்கு எடுத்துப் போனேன்.
யாரும் பார்க்காத நேரம்
ஆணித் தராசில் கொட்டினேன்.
முள் அசையவில்லை.
தட்டைத் தட்டிப் பார்த்தேன்.
அசையவில்லை.

வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது.
ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர்:
"முக்கால் அங்குலக் குழாய், பன்னிரண்டு நீளம்.
கடைசி விலை சொல்லுங்க."
கற்களைப் புட்டியில் பொறுக்கிப் போட்டு
விலையை எழுதினேன்.
பதினான்கு நாள் என்று எழுதினேன்.
முத்திரையைக் கொஞ்சம் ஓங்கித்தான் குத்தினேன்.